சுடாத வருத்தம்

என் உயிர் மச்சாள் றோசம்மாவுக்கு,

உன் மகள் செல்வராணி கோயிலில் முதல்நன்மை வாங்க ஆயத்தமாகிறாள். வெள்ளை உடுப்புக்குத் துணி வாங்கியாயிற்று. உன் நெற்றியும் உன் பிடிவாதமும் அவளுக்கு அப்படியே வந்திருக்கின்றன. என் அண்ணன் கடலுக்குப் போகும் நாட்களில் என் வீட்டில்தான் இருப்பாள். இதையெல்லாம் சேமக்காலைக்கு வந்து, உன் கல்லறையடியில் நின்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வீட்டுப் படலையைத் தாண்டவே எனக்கு இப்போது முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன். பிள்ளை பெற்றவள் எவளாவது இதை வாசித்தால் வாசிக்கட்டும். ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்திருக்கிறான். சுகப்பிரசவம். எல்லோருக்கும் சந்தோசம், எனக்கு மட்டும் இல்லை. உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, மச்சாள்.

நீ எப்படி இருந்தவள்! கருவாடு போடும் வாடியில் இரண்டு பெண்களின் வேலையை ஒருத்தியாகச் செய்துவிட்டு, மிச்சப்பேரைச் சீண்டிக்கொண்டு நிற்பாய். "என்னடி, நீ மீனை வெட்டுறியோ, மீன் உன்னை வெட்டுதோ?" என்று என்னைக் கேட்டு எத்தனை தரம் சிரித்திருப்பாய். செல்வராணி பிறந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாய். பிள்ளை அழும். நீ கேட்டுக்கொண்டே கிடப்பாய்.

"எனக்கு ஏலாமக் கிடக்கு, மாமி" என்று என் அம்மாவிடம் சொன்னாய். அம்மா உன் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"உடம்பு சுடேல்லை. வருத்தம் ஒண்டும் இல்லை. எழும்பு பிள்ளை."

அம்மா பொல்லாதவர் இல்லை. எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் என்று கையால் தொட்டோ கண்ணால் பார்த்தோ அறிகிற நோய். மனம் படும் பாட்டை வருத்தம் என்பது புத்தகத்தில் மட்டும்தான். சூடு இல்லையென்றால் வருத்தம் இல்லை. வருத்தம் இல்லையென்றால் நீ ஏன் படுத்துக் கிடக்கிறாய்? அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அதை நீயே, சின்ன வயதில் கோயிலில் பாடமாக்கிய ஞானோபதேசத்திலிருந்து எடுத்துக்கொண்டாய்.

கோயிலால் திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னாய்.

"சுவாமியிட்டச் சொல்லிப்போட்டன், மச்சாள். எனக்குச் சோம்பல் எண்டு. தலையான பாவம் ஏழில அதுவும் ஒண்டெல்லோ."

உன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. பெயர் கிடைத்துவிட்டதே! சுவாமியைக் கோபிக்கலாமா? எப்போதாவது வந்து, வரிசையில் நிற்கிற சனத்தின் பாவங்களைக் கேட்டுவிட்டுப் போகிற குருவானவர். நீ சோம்பல் என்றாய். சோம்பலுக்குரிய அபராதத்தை அவர் தந்தார்: செபம் சொல், வேலையில் கருத்தாயிரு. எனக்குக் கோபம்தான், மச்சாள். யார்மேல் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

பிறகு நோன்புக்குரிய தபசுகாலம் வந்தது. பால் கொடுக்கிற தாய்க்கு ஒருசந்தி கடமையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நீ பிடித்தாய். ஒரு நேரச் சோறு, அதிலும் பாதியை நாய்க்கு வைத்தாய். எல்லோருக்கும் முதல் எழும்பினாய், முற்றம் கூட்டினாய், தண்ணீர் அள்ளினாய், வாடிக்குப் போனாய். யாரோடும் கதைக்கவில்லை. ஊர் என்ன சொன்னது தெரியுமா? "றோசம்மா திருந்தீற்றாள்" என்றது. நீ செத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் உனக்கு இங்கே நல்ல பெயர் கிடைத்தது.

தபசுகாலம் முடிகிற பெரிய கிழமையில் காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. அப்போதுதான் அம்மா, "ஐயோ, பிள்ளைக்கு வருத்தம்!" என்று கத்தினார். அண்ணன் மாட்டுவண்டி பிடிக்க ஓடினான். பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் ஓடி வந்தார்கள். காய்ச்சலை எதிர்த்து நிற்க உன் உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்குக் கோயில் மணி அடித்தபோது நீ இல்லை.

இப்போது என் கதையைக் கேள். மகன் அழுவது அடுத்த வளவில் யாரோ பிள்ளை அழுவதுபோலக் கேட்கிறது. பால் கொடுக்கிறேன், குளிப்பாட்டுகிறேன், ஏணையில் போட்டு ஆட்டுகிறேன். ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் முதல் மணியிலேயே நின்றுவிடுகிறேன். கிணற்றடிக்குத் தனியே போக எனக்குப் பயம். என்ன பயமென்று உனக்கு விளங்கும். பிள்ளை பார்க்க வரும் பெண்கள், "ஒரு ஆம்பிளைப் பிள்ளைக்காக எத்தனை பேர் மடுமாதாவுக்கு நேர்த்தி வைக்கினம். உனக்கென்ன குறை?" என்று கேட்கிறார்கள். குறை ஏதும் இருந்தால் அதைச் சொல்லி அழுதாவது ஆறலாமே.

போன கிழமை செல்வராணி என் பாயருகில் இருந்து ஞானோபதேசம் பாடமாக்கினாள். "அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல்." அந்தக் கடைசிச் சொல்லோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமி, அம்மாவுக்குச் சோம்பல் எண்டு சொல்லுகினம். அப்ப அம்மா நரகத்திலயோ?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கையை ஊன்றி எழும்பி இருந்தேன்.

"இல்லையம்மா. உன்ர அம்மாவுக்கு வருத்தம்."

"காய்ச்சலோ?"

"காய்ச்சலுக்கு முதலே வருத்தம். மனசில வந்த வருத்தம். அது பாவமில்லை."

இன்னும் கிட்ட நகர்ந்து வந்தாள். "அப்ப உங்களுக்கும் வருத்தமோ, மாமி?"

"ஓம்" என்றேன். அதைச் சொல்லி முடிக்க எனக்கு வியர்த்துவிட்டது.

பிள்ளைக்குச் சொன்னதை நானே முழுதாக நம்புகிறேனா? நீ எங்கே இருக்கிறாய், மச்சாள்? நம் கோயிலில் வியாகுலமாதா சுரூபம் இருக்கிறது. செத்த மகனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். எழும்பி முற்றத்தைக் கூட்டு என்று அவளிடம் யாராவது சொன்னார்களா? சுவாமி அடுத்த தரம் வரும்போது என் பாவங்களைச் சொல்வேன். கோபம் ஒன்றே நிறையக் கிடக்கிறது. இந்த வருத்தத்தை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

செல்வராணி கேட்ட அன்று பின்னேரம், என் வீட்டுக்காரர் கடலால் கரைக்கு வந்ததும் இவரிடமும் சொன்னேன், எனக்கு வருத்தம் என்று. என்ன செய்தார் தெரியுமா? என் கழுத்தில் புறங்கையை வைத்தார்.

"என்னப்பா, உடம்பு சுடேல்லையே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. "சுடாது. றோசம்மாவுக்கும் முதல்ல சுடேல்லை" என்றேன்.

உன் பெயரைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு, "திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போவம். அதுவரைக்கும் நான் தொழிலுக்குப் போகேல்லை" என்றார். கிணற்றுத் தண்ணீரை இப்போது இவர்தான் அள்ளுகிறார். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நாளை திங்கள். அங்கே டாக்குத்தர் என்ன சொல்வாரோ தெரியாது. அவரும் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லலாம்.

பிழைத்துவிடுவேன் என்று வாக்குத் தர எனக்குத் துணிவில்லை, மச்சாள். தரக்கூடியது ஒன்றுதான். எழும்ப முடியாத நாளில் எழும்ப முடியவில்லை என்று வாய் திறந்து சொல்வேன். நல்ல பெயருக்காக எழும்பி நின்று சாகமாட்டேன். செல்வராணி வளர்ந்து, பிள்ளை பெற்று, ஒரு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால், அவள் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமலே நம்புவதற்கு ஒருத்தி வேண்டும். அதற்காகவாவது உயிரோடு இருக்கப் பார்க்கிறேன்.

உன் மகளுக்கு மாமியும், உனக்கு என்றும் மச்சாளுமான
ஞானம்மா