அவர் வைத்த அலாரம்

மார்ச் 3

அன்புள்ள வாலு,

நலமா? நானும் மகள் பட்டாணியும் நலம். ஐம்பதை நெருங்குகிறவளை இன்னும் வாலு என்று எழுதுகிறேனே என்று கோபிக்காதே. உன் அண்ணன் வைத்த பெயர், என் வாயில் வேறு பெயர் வரமாட்டேன் என்கிறது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நாம் சண்டைக்குப் போய்விடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

இத்துடன் அவருடைய கடிகாரத்தை அனுப்பியிருக்கிறேன். பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் துணி, துணிக்குள் அது. அவர் கையோடு விண்வெளிக்கே போய்வந்த சாமான், கூரியர்காரர் கையில் உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு வாரமாக எண்கள் மங்குகின்றன. அலாரம் மட்டும் தினமும் சாயங்காலம் அடிக்கிறது, குரல் கொஞ்சம் கம்மிப்போய்.

அந்த அலாரத்தைப் பற்றி உனக்குத் தெரியும். மேலே இருந்த மாதங்களில் வீட்டோடு பேச அவருக்குக் கொடுத்த நேரம் அது. மறந்துவிடக் கூடாது என்று வைத்தார். திரும்பி வந்த பிறகும் எடுக்கவில்லை. மாரடைப்பில் அவர் போன பிறகும் அது அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. அடித்ததும் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நேரம் எனக்கும் அவருக்கும்.

கண்ணாடியைத் துடை, பொத்தானைச் சரிசெய், எண்களைத் தெளிவாக்கு. அலாரத்தை மட்டும் தொடாதே. அவர் விரலால் செய்து, இன்னும் நடந்துகொண்டிருப்பது இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அன்புடன்,
உன் அண்ணி


மார்ச் 8

அன்பு அண்ணிக்கு,

உங்கள் பெட்டியைப் பிரிக்கவே எனக்கு அரை நாள் ஆனது. அண்ணனையேகூட இவ்வளவு பத்திரமாகக் கட்டி மேலே அனுப்பியிருக்க மாட்டார்கள்.

என் அறையைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே ஜெராக்ஸ் கடை இரைச்சல், மேலே என் அலமாரி. பொத்தானை அமுக்கினால்தான் சிவப்பு எண்ணைக் காட்டுவேன் என்று அடம்பிடிக்கிற கிழட்டுக் கடிகாரங்கள், விண்வெளி வீரர்கள் பயிற்சியில் கட்டி அடிபட்டவை, கட்டுப்பாட்டு அறையில் யாரோ கையில் இருந்தவை என்று எல்லாவற்றையும் பிணமாக வாங்கி எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன். ஆனால் உண்மையாகவே மேலே போய்வந்தது இது ஒன்றுதான். பழைய சாமான் கடையில் பொறுக்கி, உயிர் கொடுத்து, அண்ணன் கையில் கட்டிவிட்டவள் நான்தானே. மேசையில் வைத்து வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணி. அவன் மணிக்கட்டு அளவுக்கு வார் இன்னும் வளைந்தே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பின்மூடியைத் திறந்தேன். பேட்டரி கசிகிறது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடம் வேலை பார்க்கிற உங்களுக்கு, காரம் உள்ளே இருக்கும் மெல்லிய செம்புத் தடங்களை என்ன செய்யும் என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இவ்வளவு காலம் ஒரே பேட்டரி தாங்கியதே அதிசயம்.

இப்போதே எடுத்துவிட்டால் கடிகாரம் பிழைக்கும். ஆனால் எடுத்த நொடியில் நேரம், தேதி, அலாரம் எல்லாம் அழிந்துவிடும். இந்த ரகத்துக்குப் பேட்டரிதான் ஞாபகம். அதே நேரத்துக்கு நானே மறுபடி அலாரம் வைத்துத் தருகிறேன். "சரி" என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

என் மருமகளுக்கு ஒரு முத்தம்.

வாலு


மார்ச் 12

வாலு,

அதே நேரத்துக்கு நீ வைத்தால், அது நீ வைத்தது. இதுகூடவா உனக்குப் புரியவில்லை?

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போன வருடம், நீ பழைய கடிகாரங்களை வைக்கிறாயே, அந்தக் கண்காட்சிக்காரர்கள் என் வீட்டு வாசல்வரை வந்து இந்தக் கடிகாரத்தைக் கேட்டார்கள். முகவரி கொடுத்தது நீ. நான் தரமாட்டேன் என்றதும் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததும் நீ. இப்போது கைக்கு வந்த உடனே பேட்டரி கசிகிறது, எல்லாம் அழியும், சம்மதம் கொடு என்கிறாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வைக்காதே.

பிணத்தை எழுப்புகிறவள் என்று உன்னை நீயே மெச்சிக்கொள்கிறாயே, அலாரம் அழியாமல் பேட்டரி மாற்ற ஒரு வழி உனக்குத் தெரியாதா? இருந்தால் செய். இல்லாவிட்டால் கையை எடு.

பட்டாணிவேறு இரண்டு நாளாக நச்சரிக்கிறாள். "அத்தை சொல்றதக் கேளும்மா, எடுத்துடச் சொல்லும்மா" என்று அதே பல்லவி. உன் அண்ணன் வீட்டு ரத்தம், உன் பக்கம்தானே பேசும்.

அண்ணி


மார்ச் 16

அண்ணிக்கு,

வழி இருக்கிறது. வெளியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பியில் மின்சாரம் கொடுத்துக்கொண்டே பழைய பேட்டரியை உருவி எடுக்கலாம். கடிகாரத்துக்குத் தான் மாற்றப்படுவதே தெரியாது. கை ஒருமுறை நடுங்கினால் எல்லாம் போச்சு. அதனால் இதே ரகத்தில் வேறொன்றை எடுத்து இரண்டு நாள் பழகிப் பார்த்தேன். மூன்று முறை சரியாக வந்தது, ஒருமுறை தவறியது. திருடி என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் நான் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

இன்று காலை துணிந்து உட்கார்ந்தேன். முதலில் பின்மூடியைச் சுத்தம் செய்யலாம் என்று உள்பக்கம் ஒட்டியிருந்த தாளை உரித்தேன். அடியில் ஊசியால் கீறிய எழுத்து. எங்கள் தொழிலில் இது வழக்கம். யார் திறந்தாலும் மூடியின் உட்புறம் தன் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைப்பார்கள். என் கீறல் ஒன்று இருக்கிறது, அண்ணன் கிளம்புவதற்கு முன் போட்டது. அதன் கீழே இன்னொன்று. என் கை இல்லை. ஏதோ கடைக்காரர். தேதி, அண்ணன் இறந்து ஒன்றரை வருடம் கழித்து.

அதிசயப் பேட்டரி எதுவும் இல்லை, அண்ணி. யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். அண்ணன் வைத்த அலாரம் அன்றைக்கே அழிந்துவிட்டது. இப்போது அடிக்கிறதே, அது வேறு யாரோ வைத்தது. இதற்காகத்தான் என்னைக் கழுவிலேற்றினீர்கள்.

நீங்கள் எந்தக் கடையிலாவது கொடுத்தீர்களா? யோசித்துப் பாருங்கள்.

வாலு


மார்ச் 19

அது இந்த வீட்டைவிட்டு வெளியே போனதே இல்லை. உன்னிடம் அனுப்பியதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும்கூட.

கீறத் தெரிந்த கைக்கு இன்னொரு தேதியைக் கீற எவ்வளவு நேரம் ஆகும், வாலு? பேட்டரியை எடுக்க நான் சம்மதிக்கவில்லை, அதனால் அலாரமே அவருடையது இல்லை என்று ஆக்கிவிட்டாய். பணத்துக்குச் செய்திருந்தாலாவது மன்னித்திருப்பேன். இருந்த ஒன்றையும் பொய் என்று சொல்லிப் பிடுங்கப் பார்த்தாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

எப்படி வந்ததோ அப்படியே திருப்பி அனுப்பு. இனி எழுதாதே.


மார்ச் 23

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். பெட்டிக்குள் ஒரு துண்டுத் தாள் வைக்கிறேன், இதைக் கடிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டரியைத் தொடவில்லை. மின்சாரம் கொடுத்து மாற்றவும் இல்லை. அடுத்தவர் பொருளில் அவர் வேண்டாம் என்ற பிறகு கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மூடியை மூடி, உங்கள் துணி, உங்கள் பஞ்சு, எல்லாம் வந்தபடியே வைத்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் என் மேசையில் அது அடித்தது. பாதியில் நின்றுவிட்டது. எண்கள் இப்போது ஒரு ஓரத்தில் மட்டும்தான் தெரிகின்றன. உங்கள் கைக்கு வரும்போது அதுவும் இருக்குமா என்று தெரியவில்லை. கண்ணெதிரே ஒன்று சாக, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் இப்படிச் செய்தது இதுதான் முதல்முறை.

நான் கீறினேன் என்றீர்கள். கோபத்தில் உங்களுக்கு வாயில் எதுவும் வரும், எனக்கும் வரும். போன கடிதத்தை அவ்வளவு வெடுக்கென்று எழுதியிருக்கக் கூடாதுதான். ஆனால் எழுதியது உண்மை. உங்களுக்குப் புருஷன் என்றால் எனக்கு அண்ணன். செத்துப்போன என் அண்ணன் பெயரில் நான் பொய் கீறுவேனா?

பட்டாணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை ஆரம்பித்துக் கிழித்தேன். எப்படி ஆரம்பித்தாலும் வெட்கமாக இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. பிரித்தேன். ஒரு எண்கூட இல்லை. வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி. சாயங்காலம்வரை கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நேரம் வந்தது, போனது. அடிக்கவில்லை. "உங்க அத்தை கொன்னுட்டாடி" என்று கத்தினேன்.

பட்டாணி பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்றாள். "இல்லம்மா. அது ஏற்கெனவே ஒரு தடவை செத்துப்போச்சு" என்றாள்.

நான் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரிகள் எடுக்க ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது நின்றுவிட்டதாம். அவளைப் பக்கத்து வீட்டில்தானே விட்டுவிட்டுப் போயிருந்தேன். அவர்களிடம்கூடச் சொல்லாமல், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடைக்குத் தனியாக எடுத்துப் போயிருக்கிறாள். "நீ வந்து பாத்தா தாங்கமாட்டேன்னு பயமா இருந்துச்சும்மா" என்றாள். அலாரம் வைத்தது அவள்தான்.

அதோடு முடியவில்லை. அப்பா வைத்த நேரத்துக்கு அவள் வைக்கவில்லை. அரை மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறாள். அந்தத் தாமதம் எனக்கும் தெரியும், வாலு. பழைய கடிகாரம், தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க அளவு பார்க்கிற வேலை எனக்கு, இதை ஒரு நாள்கூடச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கப் பயம், வேறென்ன.

"ஏன்டி தள்ளி வெச்சே?" என்று கேட்டேன்.

"அப்பா வெச்ச நேரத்துல நான் மாலை வகுப்புல இருப்பேன்மா. நீ தனியா உக்காந்து அழுவே. நான் வந்த பிறகு அடிச்சா, என்னையும் உள்ள கூப்பிடுவேன்னு நெனச்சேன்."

நான் கூப்பிடவே இல்லை. அது அடிக்கும்போதெல்லாம் அவளைத் தாண்டிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். மேலே போனவர் என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கூப்பிட்டது கூடத்தில் நின்றுகொண்டிருந்த என் மகள். இத்தனை நாளும் அவள் முகத்தில்தான் நான் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

நீ கீறினாய் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு. இல்லை, பத்திரமாக வைத்திருந்து ஆயுசுக்கும் குத்திக்காட்டு, வாங்கிக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு நன்றாக வராது. நேரில் வந்து கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கடிகாரத்தைக் கையிலேயே கொண்டுவருகிறோம். பிழைக்க வைக்க முடிந்தால் வை. முடியாவிட்டால் அது உன் தவறில்லை, நான் இழுத்தடித்ததுதான். எப்படியானாலும் உன் கண்காட்சியில் வைத்துக்கொள். அலாரம் வேண்டாம்.

இப்போது சாயங்காலம் நானே அவளைக் கூப்பிடுகிறேன். நேற்றுக் கேட்டாள், "அம்மா, அப்பா மேலேருந்து பேசறப்ப உங்கிட்ட என்னதான் சொல்வாரு?"

"உலகத்தையே சுத்திட்டிருந்தாரு, கேட்டதெல்லாம் சமையலறைக் குழாய் சொட்டுறது நின்னுச்சா, ஆளக் கூப்பிட்டியான்னுதான்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் மடியில் கவிழ்ந்து அழுதாள். அவர் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது நேற்றுத்தான்.

அன்புடன்,
உன் அண்ணி