குங்குமம் மடித்த தாள்

சேரப்பணஞ்சேரி,
ஆவணி, முதல் வெள்ளி

அன்பு மகள் செல்லக்கனிக்கு, நீ குடியிருந்த வீட்டு லீலா அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நலம். உன் நலத்துக்கு ஆத்தாளைத்தான் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. என் மகன் சுபாஷ், "நீ சொல்லும்மா, நான் எழுதித் தர்றேன்" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். இதை இன்னொருத்தர் படிக்கக்கூடாது. எட்டாவது படித்த கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அறையில் இப்போது உன்கூடத் தங்கியிருந்த கலைமதி மட்டும்தான் இருக்கிறாள். நீ ஊருக்குப் போன அன்றே உன் வாளியைத் தெருவில் வைத்தாள். தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டு, "அவ தொட்டதெல்லாம் கொளுத்திடு அத்தே" என்றாள். எனக்கு அருவருப்பாக இருந்தது, அவளைப் பார்த்து.

கிளினிக் நர்ஸ் ஜோதிதான் உன் வியாதியை வெளியே சொன்னாள் என்று நினைத்து, "அவங்கள நம்பித்தான அத்தை எல்லாம் சொன்னேன்" என்று என் மடியில் அழுதாயே. நானும் அவளுக்கு நாக்கு அழுகணும் என்று சாபம் விட்டேன். அழுக வேண்டியது என் கை, செல்லக்கனி.

நான் கூட்டிப் பெருக்கும் அந்தக் கிளினிக்கில், தப்பாக அச்சான ரிப்போர்ட்டையெல்லாம் கிழிக்காமல் மேசைக்கடியில் ஓர் அட்டைப்பெட்டியில் போடுவார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று ஆடி வெள்ளிக்கு ஒரு கட்டு எடுத்து வந்தேன். நாலாக வெட்டி, ஆத்தா பேரைச் சொல்லிச் சொல்லி முந்நூறு குங்குமப் பொட்டலம் மடித்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியுமா? ஒரு துண்டில் உன் பேர், கம்பெனி பேர், அதற்குக் கீழே டி.பி. கோயில் வாசலில் அதைக் கலைமதி கையில் வைத்தது நான்தான். போன வாரம் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "ஜோதி எங்க சொன்னாங்க? நீ குடுத்த பொட்டலத்துலதான கீது!"

சீ! சாமி குங்குமத்தில் உன் மானத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். நெற்றியில் பொட்டு வைக்கவே கை கூசுகிறது.

கிளினிக் மேனேஜர் சிவசங்கரிடம் போய்க் கத்தினேன். "இன்னா ஆயா, வேஸ்ட் பேப்பர்தான? எட்த்துனு போனது நீ" என்கிறான். சொல்லிக்கொண்டே அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவி, போண்டா எண்ணெயைத் துடைத்தான். அது யார் பெற்ற பிள்ளையின் ரிப்போர்ட்டோ! இப்போது தினமும் பெட்டியைக் கவிழ்த்து, பொடிப்பொடியாகக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். அதற்கும் திட்டுகிறான். திட்டட்டும்.

ஜோதி காலில் விழப் போனேன். தடுத்துவிட்டாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "அவங்களப் பத்தி உங்ககிட்ட நான் பேசக்கூடாது அத்தை" என்றாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

நேற்று உன் அறை அலமாரியைத் துடைக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் உன் மாத்திரை அட்டைகள் அப்படியே இருந்தன. மூன்று மாதம் ஒருநாள் தவறாமல் போட்டவளாயிற்றே நீ. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டால் அங்கேயும் ஊர் வாயில் விழுவோம் என்றுதானே போகாமல் இருக்கிறாய்? அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்த பாவி நான். என்னைத் திட்டு, மண்ணை வாரித் தூற்று. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே, என் கண்ணே.

கவரைச் சோறு வைத்து நன்றாக ஒட்டியிருக்கிறேன். பிரித்திருந்தால் தெரியும். படித்ததும் கிழித்து அடுப்பில் போடு. பதில் எழுத வேண்டாம். மறுபடி மாத்திரை போட ஆரம்பித்த அன்றைக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, போதும். எடுக்க மாட்டேன். யார் என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

ஆத்தா உன் நெஞ்சுக்குள் நல்ல காற்றாக இருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராத
லீலா அத்தை