விலகிப் போகும் உரிமை

சூலியா தெரு, பினாங்கு
1928 நவம்பர் 12

அருமை மகன் கமாலுக்கு உம்மாவின் சலாம். அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம், அங்கே சமர்கந்துக் குளிரில் உன் மூக்கும் காதும் ஒழுங்காக இருக்க துஆச் செய்கிறேன். கலீபாவைக் காப்பாற்றப் போகிறேன் என்று எட்டு வருஷத்துக்கு முன் கப்பலேறியவன், பாதி வழியில் பருத்தி ஆபீசில் நாற்காலி கிடைத்ததும் உட்கார்ந்துவிட்டாய். கலீபாவும் பதவி பறிபோய் ஊரைவிட்டே போய்விட்டார், நல்ல வேளை, உனக்காக அவர் காத்திருக்கவில்லை. உன் கடிதம் வந்தது, யாரோ பிரித்துப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். உங்கள் உஸ்பெக் நாடு தனிக் குடியரசு, தனிக் கொடி, தனி மந்திரிகள், தன் விருப்பத்தில் கூட்டாட்சியில் சேர்ந்தது, வேண்டாமென்றால் எந்த நாளும் விலகிப் போகலாம், சட்டத்திலேயே இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். மாஷா அல்லாஹ்! அத்தனை சுதந்திரமான நாட்டிலிருந்து உம்மாவைப் பார்க்க வர மட்டும் மாஸ்கோ அனுமதிச் சீட்டுக் கொடுக்க வேண்டுமாம், அது மூன்று வருஷமாக வரவில்லை.

எனக்குச் சிரிப்புத் தாங்காமல் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உன் அண்ணன் யூசுப் பெண்டாட்டி சலேஹாவுக்கு மாடியில் தனி அடுப்புப் போட்டுக் கொடுத்தேனே, அதுவும் இப்படித்தான். அடுப்பு அவளுடையது, அரிசிப் பெட்டிச் சாவி என் இடுப்பில். என்ன ஆக்குவது, என்றைக்குத் தாய் வீடு போவது எல்லாம் அவள் இஷ்டம், என்னிடம் கேட்டுக்கொண்டு. கமால் இருக்கிற நாடு நம்ம மாடி மாதிரிதான்லா என்று நானே சொன்னேன், என் வாயை என்ன செய்ய. எல்லோரும் சிரித்தார்கள், சலேஹா சிரிக்கவில்லை. அதைக் கொஞ்சம் கொடுங்க மாமி என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு மேலே போனாள். மறு வாரம் யூசுப் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் மளிகைக் கடை ஒன்று பார்த்திருக்கிறானாம், பின்னால் இரண்டு அறை இருக்கிறதாம். நம்ம இஷ்டத்துக்குத்தானே உம்மா சேர்ந்து இருந்தோம் என்றான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் என் முன்னால் வாய் திறக்காத பிள்ளை! வாய் அவனுடையது, பேச்சு உன்னுடையது. நான் என்ன பட்டாளமா அனுப்ப முடியும், போங்க, நல்லா இருங்க என்றேன். வண்டியில் சாமான் ஏற்றும்போது வீம்புக்கு வெளியே வரவில்லை. பிள்ளைகள் கீழே நின்று கூப்பிட்டன, அப்போதும் வரவில்லை. அது தப்புத்தான்.

ஆக, விலக முடியாத நாட்டில் மாட்டிக்கொண்ட மகன், வீட்டில் இருந்த மகனுக்கு விலகச் சொல்லிக் கொடுத்தான். இந்தப் பெரிய வீட்டில் நான் ஒருத்தி உழக்கு அரிசி பொங்குகிறேன், அதிலும் பாதி மிச்சம். உன் மேல் கோபம் இருக்கிறது, இல்லையென்று எழுத மாட்டேன். ஆனாலும் அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் சீக்கிரம் ஒரு சீட்டும் தரட்டும். கம்பளி போடாமல் வெளியே போகாதே. அடுத்த கடிதத்தில் அரசியல் வேண்டாம், என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் எழுது.

ஞாயிற்றுக்கிழமை படகேறி அக்கரையில் பிறை என்கிற ஊருக்குப் போய், அங்கே ரயில் பிடித்து சிம்பாங் அம்பாட் போகலாம் என்றிருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. பெற்ற மகன் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். இரண்டு நாளாகத் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன், வாயில் வரமாட்டேன் என்கிறது.

உன் உம்மா,
ஹபீபா பீவி