துருக்கிக் கடையில் நீ வேண்டிக்கொண்டது

அம்மா,

அத்தை கேழ்வரகு மாவைக் கரைத்து மூடிவைத்துவிட்டார். நாளைக்குக் கோவிலில் ஆடிக் கூழ். அந்தப் புளிப்பு வாசனை அடுப்படியில் நிற்காமல் என் அறைவரைக்கும் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன், போகவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்தேன், அதிலும் அதே வாசனை. அதனால்தான் எழுந்து, போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில், கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு தாளை வைத்து உனக்கு எழுதுகிறேன். அத்தை விழித்துக்கொண்டால் பாடம் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது.

யாருக்கும் தெரியாது. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவுதான். வலி இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கும் முதலில் வலிக்கவில்லை என்று சொன்னாய்.

அன்றைக்குச் சாயங்காலமே மாரியம்மன் கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். ஆடிக் கூழ் ஊற்றுவதற்குள் இது கரைந்துவிட வேண்டும். கரைந்தால் அடுத்த ஆண்டு பால்குடம் எடுக்கிறேன். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட மாட்டேன். நீ சொல்லித் தந்த மாதிரியே யாரிடமும் வாய் திறக்கவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது. இன்று மாலை தொட்டுப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. பெரிதாகிவிட்டதா என்று தெரியவில்லை. தொட்டுத் தொட்டு என் விரல்களையே என்னால் நம்ப முடியவில்லை.

இந்த வாசனை வந்தால் எனக்குக் கோவில் நினைவுக்கு வருவதில்லை. இஸ்தான்புல் கடைதான் வருகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் பயண நிறுவனத்தில் நீ எத்தனை ஆண்டுகள் மற்றவர்களுக்கு டிக்கெட் போட்டாய். தினமும் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் போய், யார் யாரையோ எங்கெங்கோ அனுப்பிவிட்டு, இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவாய். துருக்கிக்குப் போகும் சுற்றுலாக் குழுவில் கடைசி நேரத்தில் இரண்டு பேர் வராமல்போக, ஆட்களைப் பார்த்துக்கொள்ள நீ வா என்று முதலாளி சொன்னார். மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அன்று ஸ்டேஷனிலிருந்து நீ ஓடிவந்த மாதிரி அதற்கு முன்பு ஓடி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் குளிர். பஞ்சாபி சூட்டுக்கு மேலே அப்பாவின் தடிமனான ஜாக்கெட்டைப் போட்டிருந்தாய். மழையில் நனைந்த கல்தெரு ஒன்றில் ஏறிப் போனோம். அந்தக் கடையின் பளிங்கு வாசற்படி நடுவில் குழிந்திருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் மிதித்து மிதித்து அப்படி ஆனது என்று வழிகாட்டி சொன்னான். அந்தக் குழியில் என் காலை வைக்கச் சொன்னாய். பிறகு உன் காலை வைத்தாய். உள்ளே கறுத்த மரச்சுவர், பழைய கண்ணாடிகள், கல் மேடையில் வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். எல்லாவற்றிலும் மஞ்சள் கலந்த வெள்ளையில் கெட்டியான ஏதோ ஒன்று. போசா என்றார்கள். தானியத்தைக் காய்ச்சிப் புளிக்கவைத்தது.

நம் குழுவில் வந்த ரயில்வே அங்கிள் உடனே ஆரம்பித்துவிட்டார். "என்னாமா நீ, இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்து கள்ளுக்கடையில வுட்டுட்டியே. இதுக்கு நான் நம்ம ஊரு செந்தூல்லயே இருந்திருப்பேன் லா."

நீ அவரைக் கண்டுகொள்ளவில்லை. பெரிய மீசை வைத்திருந்த கடைக்காரரிடம் நேராகப் போய், "பாஸ், நோ பீஃப் ஆ?" என்று கேட்டாய்.

கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பயணம் முழுக்க ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதையே கேட்டுக் கேட்டு வந்தவள், குடிக்கிற பானத்துக்கும் கேட்டுவிட்டாய். கடைக்காரர் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் உற்றுப் பார்த்து, உள்ளே மாடு இல்லை மேடம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அங்கிள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நீயும் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய்.

எதிர்க்கடையில் வறுத்த கொண்டைக்கடலை வாங்கிவந்து மேலே போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். காகிதப் பொட்டலத்தைப் பிரித்ததும் நீ, "அடியே, இது நம்ம ஊரு கச்சாங் பூத்தே கடலைடி" என்றாய். பிறகு ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தாய். உன் முகம் மாறியது.

"கூழுடி இது," என்றாய். "பட்டைத்தூள் போட்டு ஏமாத்துறானுங்க. ஆத்தாவோட கூழு."

சொல்லிவிட்டு, அடுத்த வாய் குடிப்பதற்கு முன் விரலை உள்ளே விட்டு எடுத்து, பளிங்குத் தரையில் ஒரு சொட்டு விட்டாய். கோவிலில் முதல் கரண்டியை மண்ணில் ஊற்றுவாயே, அந்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாய். கடைக்காரர் துணியோடு வந்து உன் பக்கத்தில் காத்து நின்றார். நீ கண்ணைத் திறக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஆத்தாவுக்கு இங்கேர்ந்து கேக்குமா மா?"

"அவளுக்கு என்ன, நானா டிக்கெட் போடணும்?"

"என்னா கேட்ட?"

"சொன்னா பலிக்காதுடி. குடி."

எனக்காகக் கேட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். என் படிப்புக்காக, இல்லாவிட்டால் அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறாரே, அவர் பத்திரமாக இருக்க. நீ இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தாய். அதற்குப் பிறகு என் கோப்பையில் மிச்சம் இருந்ததையும் வழித்துக் குடித்தாய்.

அடுத்த ஆடியில் கோவிலில் நீதான் கூழ் ஊற்றினாய். யாரையும் கரண்டியைத் தொடவிடவில்லை. கை தூக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஊற்றினாய். வெயிலால் வந்த சோர்வு என்று அத்தை நினைத்தார். அண்டா காலியான பிறகு கோவில் படியில் உட்கார்ந்து, அத்தையிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாய். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்போதிலிருந்து இருக்கிறது, புவான் என்று டாக்டர் மலாய் மொழியில் மரியாதையாகக் கேட்டார்.

துருக்கிக்குப் போனபோது, ஹோட்டலில் குளிக்கும்போது பார்த்தேன் என்றாய்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏன் உடனே வரவில்லை என்றார். சாமியிடம் சொல்லியிருந்தேன் என்றாய். கூழ் ஊற்றி முடிக்கும்வரை காத்திருந்ததாகச் சொன்னாய். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ உன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். டாக்டர் உன்னைத் திட்டவில்லை. உன்னை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். பின்னால் உனக்கு ஏதாவது தட்டுப்பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே, பெரும்பாலும் ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும், ஆனாலும் வா என்றார். நான் தலையாட்டினேன்.

எனக்குத் தெரியும் அம்மா. எல்லாம் தெரிந்துதான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம். அந்தக் கடையில் அவ்வளவு சிரித்தாயே, அப்போதும் அது உன் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சின்னப் பெண்தான், ஆனால் கத்தியிருப்பேன். அந்தக் கல்தெருவிலேயே உருண்டு அழுது உன்னை வீட்டுக்கு இழுத்து வந்திருப்பேன். அது தெரிந்துதான் சொல்லவில்லையா? இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பயணம், அதைப் பாதியில் விட மனசில்லையா? அப்படி என்றால் நான் உன்னை மன்னித்துவிடுவேன். ஆனால் திரும்பி வந்த பிறகும் ஏன் சொல்லவில்லை?

இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அத்தை கேட்டார். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பட்டினி கெடக்குறியே, யாருக்குடி விரதம்? எந்தப் பையன்?"

"பரீட்சைக்கா இருக்கும், வுடு லா," என்றார் அப்பா. "ஏன் பாப்பா, எல்லாத்துலயும் ஏ குடுன்னு கேட்டியா?"

"சொன்னா பலிக்காதுப்பா," என்றேன்.

அப்பாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. உன் குரல் மாதிரி இருந்ததோ என்னவோ.

அவரிடம் எப்படிச் சொல்வேன்? நீ போன பிறகு அவர் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் சாலையில் போவதே இல்லை. மழையோ நெரிசலோ, சுற்றிக்கொண்டு வேறு வழியில்தான் போவார். ஏன் என்று நானும் கேட்டதில்லை. இன்னொரு தடவை அவரை அந்த வாசலுக்குக் கூட்டிப்போக என்னால் முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சொன்னால் வேண்டுதல் கெட்டுவிடும், ஆத்தா கைவிட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் நீ போன வழியிலேயே நானும் போவேன். நான் சாக விரும்பவில்லை அம்மா. உன்னைப் பார்க்கலாம் என்றால்கூட எனக்கு இப்போது அங்கே வர வேண்டாம்.

அப்பா எழுந்துவிட்டார். காலை ஷிப்டுக்குத் தேநீர் போடும் சத்தம் கேட்கிறது.

அடுப்படிக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பி வந்தேன். அவசரமாக எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டாலும் படித்துக்கொள்.

அடுப்படி வாசலில் போய் நின்றேன். என்னா பாப்பா தூங்கலையா என்றார். உடம்பில் அது இருக்கும் இடத்தின் பெயரை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? "அம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கு ஒண்ணு இருக்குப்பா," என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எப்பலேர்ந்து?"

"ஸ்கூல் லீவுலேர்ந்து."

அத்தை எழுந்து வந்துவிட்டார். என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆத்தா ஆத்தா என்றார். அப்புறம் அப்பாவிடம், "விடியட்டும்ணே. கூழ் ஊத்திட்டு, ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு நாளைக்குப் போலாம்," என்றார்.

"அவளும் இதத்தான் சொன்னா," என்றார் அப்பா.

அத்தைக்குப் புரியவில்லை. எனக்கும் முதலில் புரியவில்லை.

"துருக்கிலேர்ந்து வந்த வாரமே எங்கிட்ட சொல்லிட்டா. ஆடி வரைக்கும் டைம் குடுன்னா. கூழ் ஊத்திட்டு வரேன்னா. நானும் சரின்னேன்." சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "சரின்னு சொன்னேன் நான்."

அடுப்பை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அத்தைதான் அணைத்தார். அப்பா ஷிப்டுக்குப் போட்டிருந்த சட்டையோடே கார் சாவியை எடுத்தார். இந்த நேரத்தில் டாக்டர் இருக்க மாட்டார்கள், எமர்ஜென்சியில் இதைப் பார்க்க மாட்டார்கள் என்று அத்தை சொல்லிப் பார்த்தார். "தொறக்குற வரைக்கும் வாசல்ல ஒக்காந்திருப்போம்," என்றார் அப்பா.

"எந்த ஆஸ்பத்திரிப்பா?"

"அதேதான். ஐசி எடுத்துக்க."

அவர் கீழே போய்விட்டார். அத்தை சேலை மாற்றிக்கொண்டிருக்கிறார், அழுதுகொண்டே. அவரும் வருகிறாராம். எனக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. வேண்டுதலை உடைத்துவிட்டேன். உன்னிடம் எழுதியபோதே உடைத்துவிட்டேனோ என்னவோ. ஆத்தா கோபித்துக்கொண்டால் நீ அவள் பக்கத்தில்தானே இருக்கிறாய், நீ பேசிக்கொள்.

அடையாள அட்டையை எடுத்துவிட்டேன். அதில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. உன் பெயர் அதில் எங்கும் இல்லை. நீ தந்ததெல்லாம் என் உடம்பில்தான் இருக்கிறது. இந்தச் சுருட்டை முடி, வளைந்த சுண்டுவிரல், சிரித்தால் கண்ணில் தண்ணீர் வருவது. இதுவும் நீ தந்ததுதானா என்று கேட்கத்தான் இப்போது போகிறோம்.