மாட்டுக்கொழுப்பு பூசிய பலகை

நவம்பர் 2, ஞாயிறு
தக்வரெம்போ நகரப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: எங்கள் வீட்டு இறைச்சிப் பலகைக்கு இன்றுமுதல் தலைமை மருத்துவர் நானே. காய்ந்து வெளுத்துக் கிடந்ததை அம்மாதான் ஒப்படைத்தாள். "எண்ணெய் தேச்சு வைடா, ஃபாப்ரி. வெடிச்சிடப் போகுது."

எண்ணெய் எதற்கு? கறி சுட்டபோது வழிந்த கொழுப்பு ஒரு கிண்ணம் இருந்தது. மாட்டை வெட்டும் பலகைக்கு மாடே மருந்து! சூடாக்கித் தேய்த்தேன். மின்னுகிறது.

"எதைத் தேச்சே?"

"என் கொழுப்பைத்தான்."

"அது ஊருக்கே பூசலாம்," என்றாள். விளையாட்டென்று நினைத்திருப்பாள்.

நவம்பர் 5
மறுபடி ஒரு பூச்சு. நான் மேதை.

நவம்பர் 9, ஞாயிறு
அம்மா விலாக்கறி சுட்டாள். குளிர்காலத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வாசனையே தெரிவதில்லை, தினமும் குடிக்கும் மாத்தே இலைத்தேநீரின் வாசனைகூட. ஆனாலும் கரியின் மேல் கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தே சுட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை நெருப்பை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நோர்மா அத்தை (அப்பாவின் தங்கை) பாதியில் மெல்லுவதை நிறுத்தினாள். "அண்ணி, கறி பழசா?"

"காலையில வாங்கினது, நோர்மா."

"என்னமோ வாடை அடிக்குதே."

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள். "உண்மையச் சொல்லு. அடிக்குதா?"

"அத்தை வாயைக் கொப்பளிச்சா சரியாயிடும்."

யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 10
பலகையை முகர்ந்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. இந்த வெயிலில் கொழுப்பு கெடாமல் என்ன செய்யும்? மேலே மேலே பூசினாயே ஃபாப்ரி, ஒருநாளாவது மோந்து பார்த்தாயா?

நவம்பர் 13
அம்மா அத்தையிடம் தொலைபேசியில்: "இனிமே நீயே சுடு நோர்மா. எனக்குக் கை விட்டுப்போச்சு."

கறிக்கத்தியைத் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். ராத்திரிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்.

சொல்ல வேண்டியதுதானேடா? வாய் நீளம்னு ஊரே சொல்லுதே — எங்க போச்சு அந்த வாய்?

நவம்பர் 14
சொல்லிவிட்டேன். நெஞ்சை நிமிர்த்தி, அம்மா கண்ணை நேராகப் பார்த்து: "கறியும் இல்ல, உன் கையும் இல்ல. பலகை. கெடுத்தது நான்."

பலகையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம். ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. பிறகு என் முகத்தருகே நீட்டினாள். "எவ்வளவு மோசம்?"

"நாய்கூட ஓடிடும்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமையிலேர்ந்து தூங்கலடா நான்."

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

நவம்பர் 15
கத்தி முனையால் சுரண்டினேன். கல்லுப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, நிழலில் நிறுத்திவைத்தேன். படுக்கவைத்தால் வளைந்துவிடுமாம். பூசுவதற்கு, எத்தனை நாளானாலும் கெடாத கனிம எண்ணெய் மருந்துக்கடையில்தான் கிடைக்கும். வயிறு இளகக் குடிப்பார்களே, அது.

"யாருக்குத் தம்பி மலச்சிக்கல்?" கடைக்காரர் சத்தமாகவே கேட்டார்.

"பலகைக்கு."

வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு
அத்தை சுட்டாள். ஓரமெல்லாம் கரி, உள்ளே ரத்தம். அம்மா நன்றாயிருக்கிறது என்றாள்.

நவம்பர் 19
இன்னொரு தடவை உப்பு. இன்னொரு தடவை எண்ணெய். வாடை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நடுவில்.

நவம்பர் 23, ஞாயிறு
கத்தியை அம்மாவே இறக்கினாள். வெட்டுவதற்கு முன் பலகையை என்னிடம் நீட்டினாள். "சொல்லு."

"மரம். வெறும் மரம்."

வெட்டினாள். அத்தை இரண்டாம் தடவை தட்டை நீட்டி, "அண்ணி, அந்த எலும்பு ஓரத்தை எனக்குப் போடுங்க," என்றாள். அம்மாவும் போட்டாள், அப்பாவுக்கு வைத்திருந்ததை எடுத்து.

பதினான்காம் தேதி எழுதியது பற்றி — நெஞ்சு நிமிரவெல்லாம் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்து முணுமுணுத்தேன். "குழாயை மூடிட்டுச் சொல்லுடா," என்றாள். மூடினேன். அழுகைதான் வந்தது. அந்த வசனம் எழுதும்போது தோன்றியது.

"என்னடா, பலகையா?" என்று அவளேதான் கேட்டாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.