முப்பத்திரண்டாவது வீடு

என் பாசத்துக்குரிய றீற்றா அக்கா,

மாதாவை உங்கள் வீட்டுக்கு வரவிடாமல் தடுத்தது நான்தான். மறதியில்லை, கைத்தவறுமில்லை. ஆறு வருடமாகத் தெரிந்தேதான் செய்தேன்.

இது கோயில் மலரில் வரப்போகிற கடிதம். வாசிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். ஒக்டோபர் முழுவதும் மாலைக்கு ஒரு வீடாக மாதா சுரூபத்தைக் கொண்டுபோய் வைத்துச் செபமாலை சொல்வோம். முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் தேத்தண்ணியும் கடலையும் கொடுப்பார்கள். நம் பகுதியில் முப்பத்திரண்டு வீடு. மாதத்தில் முப்பத்தொரு நாள். ஆக, ஒரு வீடு மிஞ்சும். அது எந்த வீடு என்று வருடா வருடம் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். இளைஞர் ஒன்றியத்தின் செயலாளர் என்று அந்த வேலை என் கைக்கு வந்தது.

முதல் வருடம் ஒழுங்காகத்தான் சீட்டுப் போட்டேன். மிஞ்சியது வேறொரு வீடு. தெருக் கூட்டி, சாக்கடைக் கான் அள்ளுகிற உங்கள் பெயரும் பட்டியலில் இருந்தது. அதைப் பார்த்த மாமி ஒருவர், "கான் அள்ளுற கையால ஊத்துற தேத்தண்ணிய ஆரு புள்ள குடிக்கிற?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா. பிறகு பேனையை எடுத்து உங்கள் பெயரை வெட்டிவிட்டு, மிஞ்சிய வீட்டை அந்த இடத்தில் எழுதினேன். அதற்குப் பிறகு சீட்டே போடவில்லை.

நான் யார்? பல்கலைக்கழகத்தில் சமத்துவம் பற்றி மேடையேறிப் பேசியவள். ஆண்களோடு வாக்குவாதப்பட்டுப் பூசையில் வாசகம் வாசிக்க இடம் பிடித்தவள். ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் ஒவ்வொரு செப்டெம்பரும் பூசை முடிந்து வரும்போது என்னைப் பிடித்துக் கேட்பீர்கள்.

"என்ன கா புள்ள, இந்த முறை எங்கட வீடு இரிக்கா?"

"நாள் காணாதக்கா. மறுகா, அடுத்த வருசம் பாப்பம்."

"சரி கா. மாதாவுக்கு நம்மட ஒழுங்கைக்கு வழி தெரியுந்தானே, ஆறுதலா வரட்டும்."

சொல்லிவிட்டு நீங்களே சிரிப்பீர்கள். மற்ற முப்பத்தொரு வீட்டுக்கும் தவறாமல் வந்தீர்கள். முற்றத்தில் கடைசியாக இருந்தீர்கள். எல்லோருக்கும் கண்ணாடிக் கோப்பை, உங்களுக்குப் பிளாஸ்டிக் கப். அந்தக் கப்பை எத்தனையோ தரம் உங்கள் கையில் தந்தவளும் நான்தான். அப்போது என் முகத்தைப் பார்த்தீர்களா?

போன மாரியில் கான் அடைத்துத் தெருவெல்லாம் வெள்ளம் நின்றது. பூட்ஸ் இல்லாமல் இறங்கினீர்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். நாலாம் நாள் பெட்டியில் கோயிலுக்கு வந்தீர்கள். நீங்கள் பொறுமையின் பிள்ளை என்று பாதர் பிரசங்கம் வைத்தார். முன்வரிசை தலையாட்டியது. எனக்கு உள்ளே கொதித்தது. பொறுமையைத் தவிர வேறு எதை உங்களுக்கு விட்டு வைத்தோம்? கொதித்தேனே தவிர, அன்றைக்கும் நான் எழும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். அந்த வாசல் படலையைத் திறந்து நான் கால் வைத்தது அதுதான் முதல் தரம். உங்கள் அவர் யோசேப் அண்ணன் முற்றத்தில் இருந்து வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், இந்த முறை முதலாம் திகதி உங்கட வீட்டதான் மாதா."

அவர் நிமிரவில்லை. "இப்ப என்னத்துக்கு? ஆள் போனதுக்கு மறுகாவா?"

பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பேப்பர் சுற்றிய கண்ணாடிக் கோப்பைகள். மூன்று டசின்.

"நீ மறுகா மறுகா எண்ட முதல் வருசமே வாங்கி வச்சவள். வருசா வருசம் எடுத்துக் கழுவுவாள். மறுகா சுத்தி வைப்பாள்."

நான் ஒரு கோப்பையை எடுத்துப் பேப்பரைப் பிரித்தேன். அவரோ நண்டைக் கழற்றியபடியே, சாதாரணமாக, அடுத்ததைச் சொன்னார்.

"விடிய றோட்டுக் கூட்டக்குள்ள படலைக்குப் படலை ஒரு அருள் நிறை மரியே செபம் சொல்லுவாள். மாதா நம்மட வீட்ட வராட்டி என்ன, நான் அவவ எல்லார்ர வீட்டயும் கூட்டிப் போறன் எண்டுவாள். உன்ட படலையில மட்டும் கனநேரம் நிண்டிருவாள்."

"ஏன் அண்ணன்?"

"எனக்கென்ன தெரியும்? அவளிட்டக் கேளு. மாதா வரலாமா எண்டும் அவளிட்டயே கேட்டிட்டு வா."

அந்த விடியல்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன, அக்கா. கடவுளிடம் நெருங்க வேண்டும் என்று நான் ஐந்து மணிக்கே எழும்பி, பைபிளை விரித்து, வசனங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வெளியே உங்கள் விளக்குமாற்றுச் சத்தம் வரும். எங்கள் படலையடியில் அது நின்றுவிடும். இந்த மனுசி ஏன் இங்கே மினக்கெடுகிறா, வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாவா என்று எரிச்சல்பட்டேன். ஒருநாள் எழும்பி, உங்களுக்குக் கேட்கும்படியாகவே ஜன்னலை அடித்துச் சாத்தினேன். சாத்திவிட்டு வந்து, தியானத்தைத் தொடர்ந்தேன்.

இப்போதும் ஐந்து மணிக்கு எழும்புகிறேன். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. பைபிளை விரித்தால் ஒரு வரியும் ஓடவில்லை. படலையைப் பார்த்து ஒரு அருள் நிறை மரியே சொல்லப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் போகவில்லை. இதைச் செபம் என்று சொல்லலாமா, எனக்குத் தெரியாது.

இந்த வருடப் பட்டியலை எழுதிவிட்டேன். முதலாவது உங்கள் வீடு. மிஞ்சும் வீடு எங்களுடையது. அம்மா பாய்ந்தா.

"விசரா புள்ள உனக்கு? மாதா வராத வீடெண்டு ஊர் கதைக்கும்."

"றீற்றாக்காவ ஆறு வருசமாக் கதைக்கல்லியா?"

அம்மா குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினா.

கதைத்த மாமிமாரும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும். அவர்கள் வராவிட்டாலும் நான் வருவேன். சுரூபத்தை நானே தூக்கி வருவேன், நீங்கள் வாங்கி வைத்த கோப்பையில் முதல் தேத்தண்ணியை நானே குடிப்பேன், முடிந்ததும் மூன்று டசினையும் நானே கழுவி வைப்பேன். இது சத்தியம். இதனால் நான் செய்தது கழுவப்பட்டுப் போகும் என்று நினைக்கவில்லை.

ஆனால் யோசேப் அண்ணன் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. உங்களிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார். அதனால் கேட்கிறேன். என் படலையில் நின்று எனக்காக என்ன கேட்டீர்கள்? நான் உங்கள் வீட்டுக்கு வரலாமா? மறுகா என்று சொல்லாதீர்கள், அக்கா. இப்போதே சொல்லுங்கள்.

நீங்கள் புள்ள என்று கூப்பிட்ட,
உங்களுக்குப் பிளாஸ்டிக் கப் தந்த தங்கச்சி,
யூடித்