திரும்பிப் பார்க்கும் சின்னவன்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்றைக்குச் சித்திர வகுப்பில், ஆயிரத்து எண்ணூறுகளில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் பென்சிலால் வரைந்த படமொன்றைக் காட்டினேன். மூன்று பிள்ளைகள் மூட்டைகளோடு தெருவில் போகிறார்கள். சின்னவன் மட்டும் திரும்பிப் பார்க்கிறான். அது எதன் குறியீடு என்று கேட்டேன். இழந்த பிள்ளைப்பருவம், அநாதைநிலை என்று ஏதாவது வருமென்று பார்த்தால், கடைசி வாங்கிலிருந்து றிஸ்னா எழும்பினாள்.

"ரீச்சர், இதுகள்ற மூத்த ராத்தாவுக்குக் கலியாணம் முடிஞ்சிருக்கு. வீட்டை ராத்தாவுக்குக் குடுத்திட்டு எல்லாரும் வெளிக்கிட்டுப் போறாங்க. அவன் அவன்ட வீட்டைத்தான் பார்க்கான்."

"வெள்ளைக்காரன்ட ஊரில சீதனவீடு இல்ல புள்ள, இரி" என்றேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், மாப்பிள்ளை வீட்டார் வந்து போயிருந்தார்கள். மூத்த மகளுக்கு இந்த வீட்டையே எழுதிக் கொடுப்பதாக இவர் தலையாட்டிவிட்டார். என் பெயரிலுள்ள வீடு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னதுகளோடு நாங்கள் சவளக்கடையில் வயலோரமாக ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாமாம்.

"ஊரில எல்லாரும் செய்யிறதுதானே" என்கிறார்.

ஓம், எல்லாரும் செய்வதுதான். இந்த வீட்டை எனக்குத் தந்துவிட்டுத்தான் உம்மாவும் வாப்பாவும் தம்பியைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். நான் புதுப்பெண், அறைக்குள் இருந்தேன். வாசல் படலையடியில் தம்பி திரும்பிப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருசத்தில் அவனிடம் கேட்டதுமில்லை.